பக்கிங்ஹாம் கால்வாயும் அதன் லாக்குகளும்: தண்ணீர் ஏன் நின்றுபோனது?

பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான படகு வழியான தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக அதில் மறுபடியும் படகு ஓடப்போகிறது என்பது ஒன்று. மழைக்காலத்துக்கு முன்பாக அதைத் தூர்வாரி வெள்ளம் வடிய வழி செய்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் குழப்பம் வருவது நியாயம்தான். படகு ஓடத் தண்ணீர் நிற்க வேண்டும், வெள்ளம் வடியத் தண்ணீர் ஓட வேண்டும். ஒரே கால்வாய் இரண்டையும் எப்படிச் செய்யும்?

ஒரு காலத்தில் அது முதல் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் லாக். இந்தச் சொல்லைப் பலர் கேட்டிருப்பார்கள், ஆனால் அது என்ன செய்கிறது என்று செய்திகளில் யாரும் விளக்குவதில்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில், எந்தக் கால்வாய்

ஆந்திராவில் கிருஷ்ணா டெல்டாவின் தென்முனையில் உள்ள பெத்த கஞ்சாமிலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை, கடலை ஒட்டியே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம். இதில் 257 கிலோமீட்டர் ஆந்திராவில், 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். சென்னைக்குள் மட்டும் சுமார் 31 கிலோமீட்டர். பல இடங்களில் கடல் ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது.

ஒரே மூச்சில் வெட்டியதல்ல இது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதல் துண்டு 1806-இல் முடிந்தது. அதற்குப் பணம் போட்டவர் பேசில் காக்ரேன் என்ற வணிகர். அதனால் முதலில் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக்கொண்டே போனது. ஆனால் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்படாமலே கிடந்தது. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் சேரவில்லை.

அந்த 8 கிலோமீட்டரை வெட்டியது பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படுகிற 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக இந்த இணைப்பு வெட்டப்பட்டது. 1877-இன் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஒரு அணா. நாளெல்லாம் மண் சுமக்கிறவருக்கு அது போதாது என்று அப்போதே எதிர்ப்பு கிளம்பி, பிறகு கூட்டினார்கள். கால்வாய்க்கு அந்நாளைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

உப்பு, சவுக்கு விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், நெல் எல்லாம் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்து இறங்கின. சென்ட்ரலுக்கு அருகே சால்ட் கொட்டார்ஸ் என்று சொல்கிறோமே, அதில் இருப்பது நம்முடைய கொட்டாரம்தான். உப்பு சேமித்து வைத்த கிடங்கு. பேசின் பிரிட்ஜில் உள்ள பேசின், படகுகள் வந்து நின்ற நீர்த்துறை. சேப்பாக்கம் பக்கம் கால்வாய்க் கரையில் லாக் நகர் இருக்கிறது. லாக் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

லாக் என்பது என்ன

உயரமான தண்ணீரிலிருந்து தாழ்வான தண்ணீருக்கு ஒரு படகை, ஒரு சொட்டு டீசலும் மின்சாரமும் இல்லாமல், இறக்குகிற ஏற்பாடுதான் லாக். கல்லாலோ செங்கலாலோ கட்டிய நீளமான ஒரு தொட்டி, அதன் இரண்டு முனைகளிலும் கதவுகள், அந்தக் கதவுகளில் தண்ணீரை விடவும் நிறுத்தவும் சின்னச் சின்ன ஷட்டர்கள். அவ்வளவுதான் பாகங்கள். சீனாவின் பெருங்கால்வாயில் 984-லேயே இதைக் கட்டிவிட்டார்கள். மூலத்தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

மேல் மட்டத்திலிருந்து ஒரு படகு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. கீழ்க்கதவை மூடி, மேல்பக்க ஷட்டரைத் திறப்பார்கள். தொட்டி நிரம்பி மேல் மட்டத்துக்குச் சமமாகும்.
2. சமமானதும் மேல்கதவு திறக்கும். படகு உள்ளே வரும்.
3. மேல்கதவையும் அதன் ஷட்டரையும் மூடி, கீழ்ப்பக்க ஷட்டரைத் திறப்பார்கள். தொட்டித் தண்ணீர் கீழே வடியும். படகும் அதோடு சேர்ந்து, சுவரை உரசாமல், மெதுவாக இறங்கும்.
4. கீழ் மட்டத்துக்குச் சமமானதும் கீழ்க்கதவு திறக்கும். படகு போய்விடும்.

ஏறுவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது: இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது.

கதவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தொட்டியின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கதவுகள். மூடும்போது அவை ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்பதில்லை. இரண்டு கைகளின் விரல் நுனிகளை மட்டும் சேர்த்தாற்போல, கூம்பி நிற்கும். கூம்பின் முனை தண்ணீர் உயரமாக இருக்கிற பக்கம் பார்த்திருக்கும். தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ, கதவுகள் அவ்வளவு இறுக்கமாக ஒன்றோடொன்று அழுந்தும். தாழ்ப்பாளே வேண்டாம்.

அந்தத் தள்ளலின் அளவு என்ன? 3 மீட்டர் அகலமுள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் தண்ணீர் 3 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர். கணக்குப் போட்டால் கதவின் மேல் சுமார் 10 டன் அழுத்தம். ஒரு பக்கம் 1.6 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர் என்று வெறும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் 450 கிலோவுக்கு மேல். யாராலும் தள்ள முடியாது. அதனால் லாக்கில் வேலை செய்கிறவர்கள் கதவோடு மல்லுக்கு நிற்பதில்லை. கதவின் தலையிலிருந்து கரைமேல் நீண்டிருக்கும் உத்தரத்தில் முதுகைக் கொடுத்து, காலை ஊன்றிக் காத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாகிற கணத்தில், அதுவரை மலைபோல அசையாமல் நின்ற கதவு, லேசாக நெகிழும். அப்புறம் ஒரு ஆளே தள்ளிவிடலாம்.

தட்டையான கரையில் லாக் எதற்கு

நியாயமான கேள்வி. மலையிலும் மேட்டிலும் ஏறி இறங்கும் கால்வாய்க்கு லாக் வேண்டும், சரி. சோழமண்டலக் கரையோ உள்ளங்கை மாதிரி தட்டை. இங்கே எதற்கு?

இங்கே ஏறி இறங்குவது நிலம் அல்ல, கடல். சென்னைக் கடலில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். பக்கிங்ஹாம் கால்வாய் கடலோடு நேராகச் சேரவில்லை. ஆனால் கொசஸ்தலை ஆறு, கூவம், அடையாறு, பாலாறு என்று கடலுக்குப் போகிற ஒவ்வொரு ஆற்றையும் குறுக்கே கடக்கிறது. அந்தந்த முகத்துவாரம் வழியாக ஓதம், அதாவது கடலின் இந்த ஏற்ற வற்றம், உள்ளே வந்து கால்வாயையும் ஏற்றி இறக்கும்.

இடுப்பளவு தண்ணீருள்ள கால்வாயில் மட்டம் அரை மீட்டர் இறங்கினால் உப்பு மூட்டை ஏற்றிய படகு தரை தட்டிவிடும். ஆகவே ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கட்டினார்கள். ஏற்றத்தின்போது தண்ணீரை உள்ளே வாங்கி, வற்றம் தொடங்குமுன் கதவை மூடினால், இரண்டு லாக்குகளுக்கு நடுவிலுள்ள கால்வாய் நிரம்பிய தொட்டிபோல நிற்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதே கதவு இன்னொரு வேலையும் செய்யும். வெள்ளத்தையும் அது சுமந்து வரும் வண்டலையும் கால்வாய்க்குள் விடாமல் தடுக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கூம்பிய கதவு ஒரு பக்க அழுத்தத்தைத்தான் தாங்கும். மறுபக்கம் தண்ணீர் உயர்ந்தால் தானாகவே பிரிந்துகொள்ளும். ஓதம் வருகிற இடத்தில் உயரமான பக்கம் எது என்பது ஒரு நாளிலேயே நாலு முறை மாறலாம். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் எதிரெதிர்த் திசை பார்த்த இரண்டு ஜோடிக் கதவுகளோ, மேலே தூக்குகிற ஷட்டரோ தேவைப்படும். எப்போது எதை மூடுவது என்று நேரம் பார்த்துச் செய்ய ஒரு ஆளும் தேவைப்படுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் இங்கே வருவோம்.

வடமுனையில் பெத்த கஞ்சாமின் கதை வேறு. அங்கே கிருஷ்ணாவின் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும் கொம்மமூர் கால்வாய், உப்புத் தண்ணீரான பக்கிங்ஹாம் கால்வாயைச் சந்திக்கிறது. படகு போக வேண்டும், உப்பு மேலே ஏறி வயலுக்குப் போகக் கூடாது. இதற்கும் லாக்தான் வழி.

கதவுகள் போன பிறகு

கடலோரத்துக்கு இணையாக ரயில் வந்ததும், பிறகு லாரிகள் பெருகியதும் படகுப் போக்குவரத்தைக் குறைத்தன. 1965, 1966, 1976 புயல்கள் கால்வாயைப் பலமாகச் சேதப்படுத்தின. சரக்கு இல்லாத கால்வாயைப் பழுது பார்க்க யாருக்கும் அவசரமில்லை. மரக்கதவு தண்ணீரிலேயே நிற்கும் பொருள். பராமரிக்காவிட்டால் சில வருடங்களில் உளுத்துவிடும்.

கதவு இல்லாமல் போனதும் கால்வாயின் இயல்பே மாறியது. வெள்ள வண்டல் தடையில்லாமல் உள்ளே வந்து படிந்தது. வற்றத்தில் தண்ணீர் இறங்கி அடி தெரிந்தது. அடி தெரிந்த நிலம் நகரத்தின் கண்ணுக்குக் காலி மனையாகத் தெரிந்தது. கரையில் போக இடமில்லாத மக்கள் குடிசை போட்டார்கள். அதைவிடப் பெரிய ஆக்கிரமிப்பை அரசுத் திட்டமே செய்தது. பறக்கும் ரயிலின் தூண்கள், சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை கால்வாய்ப் படுகையிலேயே இறங்கின. 1997-இல் திருமயிலை வரை ரயில் ஓடத் தொடங்கியது. கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகிறவர்கள் இன்றும் ஜன்னல் வழியே கீழே பார்க்கலாம். தூண்களுக்கு நடுவே கறுத்த தண்ணீர் தெரியும். பஞ்சத்தில் வெட்டிய அந்த 8 கிலோமீட்டர் அதுதான்.

குடிசைகளை மட்டும் ஆக்கிரமிப்பு என்று சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது இந்தத் தூண்களையும் சேர்த்து எண்ணுவது நல்லது. நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு கொடுத்த கண்ணகி நகர் இருப்பதும் இதே கால்வாயின் தென்பகுதியை ஒட்டித்தான். கரையிலிருந்து எடுத்து, இன்னொரு கரையில் வைத்திருக்கிறோம்.

சாக்கடை ஏன் நகர்வதில்லை

வடிகால் என்றால் சரிவு வேண்டும். ஒரு முனை மேடாகவும் மறுமுனை பள்ளமாகவும் இருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும். பக்கிங்ஹாம் கால்வாய் இதற்கு நேர் எதிராகத் திட்டமிடப்பட்டது. படகு இரண்டு பக்கமும் போக வேண்டுமே, அதனால் மட்டமாக வெட்டினார்கள். சரிவே இல்லாத ஒன்றில் சாக்கடையை விட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்கிறோம்.

சரி, ஓதம் வந்து அலசிவிட்டுப் போகாதா? போக வேண்டும். ஆனால் அதற்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கி, அதன் கற்சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தடைபட்டுத் தெற்கே சேர்ந்தது. மெரினா இத்தனை அகலமான கடற்கரையானது அப்படித்தான். வடக்கே மணல் கிடைக்காமல் ராயபுரம் பக்கம் கரை அரித்தது. மெரினாவை வளர்த்த அதே மணல்தான் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேரும் கூவத்தின் வாயில் திட்டாகக் குவிகிறது. அடையாற்றின் வாயிலும் மணல்திட்டுச் சேருவது வழக்கம். மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் அதை உடைக்கிற அளவுக்கு நீரோட்டம் இல்லை. வாய் அடைத்தால் ஓதம் உள்ளே வராது. ஓதம் வராத மட்டமான கால்வாய், குட்டைதான்.

ஆகவே கால்வாயின் நாற்றத்துக்குக் காரணம் தேடினால், கால்வாய்க்கு வெளியே, கடலுக்குள் நீண்டிருக்கும் கற்சுவர் வரை போக வேண்டியிருக்கிறது. தூர்வாருவதால் அடியிலுள்ள சேறு போகும். சரிவும் வராது, வாயும் திறக்காது. சில மாதங்களில் அதே சேறு திரும்பி வருவதில் ஆச்சரியமில்லை.

தெற்கே வெள்ளம்

தென் சென்னையில் கால்வாய்க்கு இன்னொரு பாரமும் விழுந்திருக்கிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து மழைநீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வருகிறது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவே மணல்மேடும் அதன்மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வீடுகளும் இருக்கின்றன. அதனால் தண்ணீர் சரிவில்லாத கால்வாயில் பல கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, முட்டுக்காட்டில், கோவளம் கழிமுகம் வழியாகத்தான் கடலைப் பார்க்கிறது. அந்த நேரம் கடலில் ஏற்றம் என்றால், அல்லது புயல் கடல்மட்டத்தை உயர்த்தியிருந்தால், அங்கேயும் நின்றுவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மழை விட்ட பிறகும் இந்தப் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நேராகக் கடலுக்கு ஒரு குறுக்கு வழி வெட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வெட்டலாம். ஆனால் கதவில்லாத குறுக்கு வழி இரண்டு பக்கமும் வேலை செய்யும். வற்றத்தில் வெள்ளத்தை வெளியே விடும், ஏற்றத்தில் கடலை உள்ளே விடும். வாயில் மணலும் மூடும். எப்படிச் சுற்றினாலும் ஒரு கதவிடம்தான் வந்து நிற்கிறோம்.

கால்வாயின் பயனைச் சொல்லாமல் விடுவதும் நியாயமல்ல. 2004 சுனாமியில் பெத்த கஞ்சாமுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட நீண்ட பகுதியில், உள்ளே வந்த அலையின் தண்ணீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டு சில நிமிடங்களில் கடலுக்கே திருப்பி அனுப்பியது. சரக்கு இல்லாவிட்டாலும் இந்தப் பள்ளத்துக்கு வேலை இருக்கிறது.

படகு விட வேண்டுமென்றால்

காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்கள், கோதாவரி, கிருஷ்ணா ஆகியவற்றின் பகுதிகள் எல்லாம் சேர்த்து 2008-இல் தேசிய நீர்வழி எண் 4 ஆக அறிவிக்கப்பட்டன. பக்கிங்ஹாம் கால்வாய் அதன் நடுத்துண்டு. சென்னைக்குள் அது உண்மையில் நீர்வழியாக வேண்டுமானால், வேலைகள் இந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. வரிசை மாறினால் செலவு வீண்.

1. கழிவுநீர் உள்ளே வருவது நிற்க வேண்டும். இதற்கு முன் லாக் கட்டினால் சாக்கடையைத்தான் தேக்கி வைப்போம்.
2. முகத்துவாரங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். மணலை ஒரு முறை அள்ளுவதோடு இது முடிவதில்லை, தொடர்ந்து செய்கிற வேலை.
3. அதன் பிறகு லாக்குகளும், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மதகுகளான ரெகுலேட்டர்களும். ஓதமும் வெள்ளமும் மாறி மாறி வருவதைத் தாங்கும் கதவுகளாக அவை இருக்க வேண்டும்.
4. பாலங்கள், ரயில் தூண்கள். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பெரிய சரக்குப் படகு போக இன்று அகலம் இல்லை. அந்தத் துண்டை நல்ல தண்ணீர் நிற்கும் நீர்நிலையாக வைத்துக்கொண்டு, படகை எண்ணூருக்கு வடக்கேயும் முட்டுக்காட்டுக்குத் தெற்கேயும் யோசிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூன்றாவதில் இன்னும் ஒன்று இருக்கிறது. படகுக்காகக் கதவை மூடி வைக்க வேண்டும், கால்வாய்க்குள் மழைவெள்ளம் சேர்ந்தால் திறக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் உயர்ந்தால் மூட வேண்டும், கடல் வற்றும்போது மறுபடி திறக்க வேண்டும். வானிலை அறிக்கை, ஓத அட்டவணை, ஆற்று மட்டம், கால்வாய் மட்டம் என்ற நான்கையும் பார்த்து முடிவெடுக்கிற ஆள் ஒவ்வொரு லாக்கிலும் இரவு பகலாக இருந்தாக வேண்டும். பழைய லாக்குகளில் அந்த ஆள் இருந்தார், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் அளவுகோல் அவர் கண்ணெதிரே இருந்தது. இன்றைய கதவு மோட்டாரில் இயங்கலாம், மட்டத்தைச் சென்சார் படித்துச் சொல்லலாம். ஆனால் புயல் இரவில் மின்சாரம் போகும்போது கதவைக் கையால் சுற்றித் திறக்கத் தெரிந்தவர், அந்தக் கரையிலேயே குடியிருக்க வேண்டும்.